வெளியாளாகப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போகும்போது

ஊர் நூலகம் நாம் வீட்டு வரியோடு கட்டும் நூலக வரியில் நடக்கிறது. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டம் வகுத்த ஏற்பாடு அது. அதனால் யாரும் உள்ளே போய் உட்காரலாம். பல்கலைக்கழக நூலகம் அதன் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. நமக்கு அனுமதி கொடுத்தால்தான் உண்டு. அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம், புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவர முடியாது என்பதே பெரும்பாலும் நிபந்தனை.

ராமநாதபுரம், தொண்டி பக்கத்தவர்களுக்குக் கைக்கெட்டிய தூரத்தில் இருப்பது காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகம். தொண்டியிலிருந்து திருவாடானை, தேவகோட்டை வழியாகப் போகலாம். பஸ் ஏறுவதற்கு முன் நூலகத்துக்குப் போன் செய்து, வெளியாளுக்கு அனுமதி உண்டா, கட்டணம் உண்டா, எந்த நாள் திறப்பு என்று கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கிளை நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை லீவு என்ற கணக்கு அங்கே செல்லாது.

கையில் ஆதார், அதன் நகல், ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும். படிக்கிறவர்கள் கல்லூரி முதல்வரிடமோ துறைத் தலைவரிடமோ கடிதம் வாங்கிவிடலாம். மற்றவர்கள் நூலகர் பெயருக்குத் தாங்களே எழுதலாம். 'கடல் சம்பந்தமாகப் படிக்க வேண்டும்' என்று எழுதினால் அடுத்தடுத்துக் கேள்வி வரும். 'பாக் நீரிணை நண்டு மீன்பிடிப்பு பற்றிய ஆய்வேடுகள்' என்று எழுதுங்கள். எந்த அடுக்கு என்று அவர்களே காட்டிவிடுவார்கள்.

பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பணம், போன், நோட்டு, பேனா மட்டும் உள்ளே.

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது அடுக்குகளில்தான். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையில் மீனின் உயிரியல் 597, மீன்பிடிப்பு 639.2, கடலியல் 551.46, மீன்பிடித் தொழிலின் பொருளாதாரம் 338.372. நமக்கு ஒரே விஷயம். அங்கே நான்கு மூலை. ஒரே அடுக்கைப் பார்த்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று திரும்பிவிடுகிறார்கள். முதலில் கணினிப் பட்டியலில் தேடி, எண்களை முழுசாகக் குறித்துக்கொள்ளுங்கள். புள்ளிக்குப் பிறகு வருவதை ஒவ்வோர் இலக்கமாகத்தான் பார்க்க வேண்டும்: 597.177 இருப்பது 597.5-க்கு முன்னால். எடுத்த புத்தகத்தை நீங்களே திருப்பிச் செருகாதீர்கள், மேசையில் விட்டுவிடுங்கள். இடம் மாறிய புத்தகம் தொலைந்த புத்தகம்தான்.

என்னைக் கேட்டால், பாடப்புத்தகத்துக்காக அவ்வளவு தூரம் போக வேண்டாம். அதற்கு மாவட்ட மைய நூலகம் போதும். போக வேண்டியது பழைய ஆய்விதழ்த் தொகுதிகளுக்கும் ஆய்வேடுகளுக்கும்தான். அதிலும் சமீபத்திய முனைவர் பட்ட ஆய்வேடுகள் பலவற்றை, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டி வைக்கும் சோத்கங்கா (Shodhganga) இணையதளத்தில் இலவசமாகப் படிக்கலாம். மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகளும் அதன் தளத்தில் கிடைக்கின்றன. 1971-ல் கொச்சிக்குப் போகும்வரை அதற்கு ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊர்தான் தலைமையிடம் என்பதால் நம் கடலைப் பற்றி நிறையவே இருக்கிறது. இந்த இரண்டிலும் கிடைக்காதவற்றை மட்டும் பட்டியலிட்டுக்கொண்டு போனால் ஒரே நாளில் வேலை முடியும்.

மின்னிதழ்கள் பெரும்பாலும் வளாக இணைப்பில்தான் திறக்கும். நூலகக் கணினியில் உட்கார அனுமதி உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். ஜெராக்ஸுக்கும் அளவு உண்டு: இதழில் ஒரு கட்டுரை என்றால் எடுக்க விடுவார்கள், ஆய்வேட்டை முழுசாக எடுக்க விடமாட்டார்கள். போனில் படம் பிடிக்கும் முன்பும் அனுமதி வாங்கிவிடுங்கள். முதலில் தலைப்புப் பக்கத்தையும் நூற்பட்டியலையும் எடுங்கள். அடுத்து எதைத் தேடலாம் என்பது அந்தப் பட்டியலில் இருக்கும்.