சீட்டின் பின்னால் மூன்று எண்கள்

11 வருடம் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். ரசீது சரிபார்ப்பது, பதிவு போடுவது, மாதக் கடைசியில் வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது. இதில் பாதியை மென்பொருளே செய்ய ஆரம்பித்ததும் பயம் வந்துவிட்டது. தரவுப் பகுப்பாய்வுக்கு மாறலாம் என்று பணம் கட்டி ஓர் இணையப் படிப்பில் சேர்ந்தேன். புள்ளியியல் ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டு பாடம் நடத்தினார்கள். எனக்குத் தெரியாது. மூன்றாவது வாரம் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் பொது நூலகத்துக்குப் போனேன். இரண்டு நாள் நானே தேடினேன். மூன்றாம் நாள், குறிப்புதவிப் பிரிவில் இருந்த நூலகரிடம், "வேலை மாறணும், ஏதாவது புத்தகம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் உடனே எழுந்து எதையும் எடுத்துத் தரவில்லை. எந்த வேலைக்கு மாறப் போகிறீர்கள், இப்போது எதுவரை தெரியும், எவ்வளவு நாள் இருக்கிறது என்று மூன்று கேள்வி கேட்டார். பதில் சொல்லச் சொல்ல எனக்கே என் தேவை தெளிவானது. பிறகு ஒரு சீட்டைத் திருப்பிப்போட்டு, பென்சிலால் மூன்று எண்களை எழுதினார்: 519.5, 005.74, 650.14.

நூலகப் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் கொடுத்து அடுக்க, அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட பகுப்பு முறையின் எண்கள் இவை. முதலாவது புள்ளியியல், இரண்டாவது தரவுத்தளங்கள், மூன்றாவது வேலை தேடுவது, தன்விவரக் குறிப்பு, நேர்முகம். நான் அதுவரை சுற்றிக்கொண்டிருந்தது மூன்றாவது தட்டை மட்டும்தான். வேலைக்கு வேண்டிய அறிவு "வேலை" என்று எழுதிய தட்டில் இல்லை, வேறு இரண்டு தட்டுகளில் இருந்தது. டூயி முறையில் அடுக்கிய எந்த நூலகத்திலும் இந்த எண்கள் செல்லும் என்பது எனக்குப் பெரிய தெம்பு.

519.5-ல் பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள் இருந்தன. தரையில் உட்கார்ந்து, எல்லாவற்றிலும் ஒரே தலைப்பை, திட்டவிலக்கத்தை (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு), எடுத்து வைத்துப் படித்துப் பார்த்தேன். எது எனக்குப் புரிந்ததோ அதை இரவல் வாங்கினேன். காசு கொடுத்து வாங்குவதாக இருந்தால் இப்படி ஒப்பிட முடியாது. புள்ளியியலுக்கு 30 வருடப் பழைய புத்தகமும் போதும். மென்பொருள் புத்தகம் என்றால் பதிப்பாண்டைக் கட்டாயம் பாருங்கள். பழைய பதிப்பில் சொல்லும் மெனு இப்போது திரையில் இருக்காது. புதிய பதிப்பு இல்லையென்றால், வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் அந்த வசதி உண்டு.

உறுப்பினர் எண்ணை வைத்து என்னென்ன இணையச் சேவைக்குள் நுழையலாம் என்பதையும் கேட்டுவிடுங்கள். இது நூலகத்துக்கு நூலகம் மாறும். சில நூலகங்கள் மின்னூல்களுக்கும் காணொளிப் பாடங்களுக்கும் தாங்களே சந்தா கட்டி நமக்கு இலவசமாகத் தருகின்றன. பெரும்பாலான மின்னூல் உரிமங்களில் ஒரு பிரதியை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். அதனால் மின்னூலுக்கும் வரிசை உண்டு, முன்கூட்டியே பதிந்து வைப்பது நல்லது.

சரி, நேர்முகத்துக்கு வருகிறேன். 650.14 தட்டில் இருந்த கேள்வி பதில்களைவிட எனக்குக் கைகொடுத்தது என்னை நேர்முகத்துக்கு அழைத்த நிறுவனத்தின் ஆண்டறிக்கைதான். நூலகக் கணினியில் இரண்டு வருட அறிக்கைகளை இறக்கிக்கொண்டு, கடைசிப் பக்கங்களில் வரும் கணக்குக் குறிப்புகளை வரிவரியாகப் படித்தேன். சரக்கிருப்பு விற்பனையைவிட வேகமாக ஏறியிருந்தது. நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டேன். அதன் பிறகு அரை மணி நேரம் அதைத்தான் பேசினோம். 11 வருடக் கணக்கு வேலை வீண்போகவில்லை என்று அன்றுதான் நம்பினேன்.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. அந்த மூன்று கேள்விகளில் எனக்கு மிச்சமானது பல மாதம். தயவுசெய்து, தட்டுக்குப் போகும் முன் நூலகரிடம் போங்கள். "ஏதாவது புத்தகம்" என்று கேட்காமல், என்ன வேலை, எதில் தடுமாறுகிறீர்கள் என்று சொல்லுங்கள்.

அந்தச் சீட்டு இன்னும் என் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. போன மாதம் புதிதாகச் சேர்ந்த இருவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பை என்னிடம் தந்தார்கள். மூன்று எண்களுக்குக் கீழே 658.3 என்று நானே எழுதிக்கொண்டேன். பணியாளர் மேலாண்மை. சனிக்கிழமை போக வேண்டும்.