"பட்டுச்சா, அடிச்சாரா?"

பையனையும் ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு நான் முதலில் போய் நின்றது மகளிர் காவல் நிலையத்தில். அங்கே நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, "பிள்ளை முகத்தைப் பாத்து அனுசரிச்சுப் போம்மா" என்றார்கள். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. என் கண் முன்னாலேயே வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "உங்க சம்சாரம் இங்கதான் இருக்காங்க, வந்து கூட்டிட்டுப் போங்க" என்று சொன்னார்கள். யாருக்குப் பயந்து ஓடி வந்தேனோ, அவருக்கே நான் இருக்கும் இடம் தெரிந்துவிட்டது. கொடுத்த மனுவுக்கு ரசீதும் இல்லை. மனுவை வாங்கிக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீது கையில் வாங்காமல் ஸ்டேஷன் படி இறங்கக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

அவர் வருவதற்குள் வெளியே வந்துவிட்டேன். என் போனில் லொகேஷன் அவருக்குத் தெரியும், அதனால் அதை அணைத்துவிட்டு, எதிரே ஜெராக்ஸ் கடை அக்காவின் போனை வாங்கிப் பெண்கள் உதவி எண் 181-க்கு அடித்தேன். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு வழி சொன்னார்கள். ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே இருந்த பெண் என்னைவிடச் சின்னவள். பெயர், ஊர் எதுவும் கேட்கவில்லை. "சாப்பிட்டீங்களாக்கா?" என்றுதான் கேட்டாள். இட்லி வந்தது. பையனுக்கு ஒரு பழைய ரெஜிஸ்டரும் ஸ்கெட்ச் பேனாவும் கொடுத்து அடுத்த அறையில் உட்கார வைத்தார்கள், அவன் காதில் எதுவும் விழாதபடி. அப்புறம் மேசைக்கு அந்தப் பக்கமிருந்த நாற்காலியைத் தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு எழுத ஆரம்பித்தாள்.

"அன்னைக்கு ராத்திரி அவர் கை பட்டு உதடு கிழிஞ்சிடுச்சு" என்றேன்.

பேனாவை நிறுத்தினாள். "பட்டுச்சா, அடிச்சாரா?"

அவசரப்படுத்தவில்லை. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது: அடித்தார். அதையே எழுதினாள். முடித்ததும் முழுவதையும் எனக்குப் படித்துக் காட்டி, "நீங்க சொன்னது இதுதானா, எதாவது மாத்தணுமா?" என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்கினாள். அதற்கப்புறம் வந்த ஆலோசகரிடமும் வக்கீலிடமும் அந்தத் தாள்தான் போனது. ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டி வரவில்லை. அது எவ்வளவு பெரிய நிம்மதி என்று பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

சிக்கல் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் வந்தது. உதட்டுக்குத் தையல் போட அவர்தான் கூட்டிப்போனார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே டாக்டர் கேட்டார், "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று நானும் சொன்னேன். காயம் எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரியில் பதியும் ஏஆர் காப்பியில் அதுதான் ஏறியிருந்தது. அதை இனி திருத்த முடியாது. மையத்திலிருந்து ஆள் துணையோடு மறுபடி அரசு மருத்துவமனைக்குப் போனேன். தோளில் மஞ்சளாக மாறியிருந்த காயங்களைப் பார்த்து, 'தெரிந்த நபரால் தாக்கப்பட்டதாகக் கூறுகிறார்' என்று புதிதாகப் பதிந்தார்கள். முடிந்தால் கூட வந்தவரை வெளியே அனுப்பச் சொல்லுங்கள். டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள்.

மையத்தில் 5 நாள் தங்கலாம். நான் 4 இரவு தங்கிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன்.

அடுத்தது பாதுகாப்பு அலுவலர், குடும்ப வன்முறைப் புகார்களைப் பார்க்கும் அரசு அதிகாரி. முதல் தடவை போனால் ஆள் வெளியே போயிருக்கிறார். இரண்டாவது தடவை அங்கிருந்த கிளார்க், "கல்யாணப் பதிவுச் சான்று இல்லாம எதுவும் ஆகாது" என்று திருப்பி அனுப்பினார். பேருந்துக் காசும் ஒரு நாள் கூலியும் போனது. மையத்துப் பெண்ணிடம் போனில் சொன்னபோது கோபப்பட்டாள். 2005-ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் திருமணத்தைப் பதிவு செய்யாதவர்களுக்கும் பொருந்துமாம். மூன்றாவது தடவை அவளே கூட வந்தாள். அதே கிளார்க் ஒன்றும் பேசவில்லை. ஒரே வீட்டில் வாழ்ந்ததற்கு என் பாஸ்புக்கும் பையனின் பள்ளி அடையாள அட்டையும் போதுமாக இருந்தது. நடந்த வன்முறையைக் கோர்ட்டுக்கு எழுதிக் கொடுக்கும் குடும்ப நிகழ்வு அறிக்கை அன்றைக்கே தயாரானது.

வக்கீலுக்குப் பைசா செலவில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். கோர்ட்டில் மனு போட்டால் 3 நாளுக்குள் முதல் வாய்தா என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்கு 3 வாரம் ஆனது. ஆனால் அன்றைக்கே இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவு கிடைத்தது.

போன வாரம் கோர்ட் உத்தரவோடு போலீஸ் துணையில் என் சாமான்களை எடுக்கப் போனேன். பையனின் பிறப்புச் சான்றிதழும் என் மார்க் ஷீட்டும் தகரப் பெட்டியில் அப்படியே இருந்தன. வளையல் இரண்டும் இல்லை. அதற்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறோம், அடுத்த வாய்தா 14-ஆம் தேதி.