மட்டை விழுந்தாலும் வீட்டு போன் அடிக்கணும்: எஸ்பிஏ3102-இல் மாற்று வழி போட்ட அனுபவம்

உடுமலைப் பக்கம் ஆனி பிறந்து கணவாய்க் காற்று இறங்கிவிட்டால் தென்னை மட்டை விழாத நாள் இல்லை. கம்பத்துக்குக் கம்பம் போகும் ஃபைபர் அந்தத் தென்னைகளுக்கு அடியில்தான் வருகிறது. அப்படி ஒரு மட்டை விழுந்து ஃபைபர் அறுந்த அன்று, ஒன்று போனால் இன்னொன்று எடுத்துக்கொள்ளும் என்று நம்பி வைத்திருந்த இரண்டு வழியும் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. அதைச் சரிசெய்ய மூன்று வாரம் ஆனது.

சாதாரண போனை இணைய அழைப்போடு இணைக்கும் அடாப்டர் லிங்க்சிஸ் எஸ்பிஏ3102. இப்போது தயாரிப்பில் இல்லை, செகண்ட் ஹேண்டில்தான் கிடைக்கும். இதில் போனுக்கு ஒரு ஜாக், வெளி லைனுக்கு ஒரு ஜாக். கரண்ட் போனால் உள்ளே இருக்கும் ரிலே இரண்டையும் நேராக இணைத்துவிடும். பழையதானாலும் இதை விடாமல் வைத்திருப்பது அதற்காகத்தான். வாங்கும்போது பணம் கொடுப்பதற்கு முன்பே ஒரு போனைச் சொருகி, நான்கு முறை * அடித்து, 73738# கொடுத்துப் பாருங்கள். அது ஃபேக்டரி ரீசெட். பாஸ்வேர்டு கேட்டால் ஏதோ ஒரு கம்பெனி பூட்டிய பெட்டி என்று அர்த்தம், வாங்காதீர்கள்.

முதல் வழி, இணையத்தில் வரும் எஸ்ஐபி கணக்கு, அதாவது இணைய வழியாகப் பேசும் போன் கணக்கு. இரண்டாவது வழி, பல வருடமாக இருந்த காப்பர் லைன். தப்பு நடந்தது இரண்டாவதில். "காப்பர் பாக்க ஆளில்லைங்க, ஃபைபருக்கு மாத்திக்குங்க, நம்பர் அதேதானுங்க" என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நம்பர் மாறாது என்றதும் கையெழுத்துப் போட்டாயிற்று. ஃபைபர் வந்து முடியும் பெட்டியான ஓஎன்டியின் போன் துளையிலிருந்து ஒரு வயர் எடுத்து அடாப்டரின் லைன் ஜாக்கில் சொருகியதும் டயல் டோன் வந்தது, எல்லாம் ஓடியது. ஆனால் இரண்டு வழியும் இப்போது ஒரே ஃபைபரில், ஒரே ஓஎன்டியில், ஒரே ப்ளக் பாயிண்டில். ஒரு மட்டை போதும். காப்பரைத் திரும்பக் கேட்டு இரண்டு முறை நடந்ததற்குக் கிடைத்த பதில், "ஒருக்கா சரண்டர் பண்ணிட்டா அவ்வளவுதானுங்க." உங்கள் காப்பர் லைன் இன்னும் உயிரோடு இருந்தால், வேறொரு மாற்று வழியை ஓட்டிப் பார்க்காமல் சரண்டர் படிவத்தில் கையெழுத்துப் போடவே போடாதீர்கள்.

கடைசியில் கைகொடுத்தது சிம் போடும் பெட்டி. கடையில் எஃப்சிடி என்று கேட்டால் கொடுப்பார்கள். சிம்மை உள்ளே போட்டால் சாதாரண லேண்ட்லைன் போல டயல் டோன் தரும், அந்த வயரை அடாப்டரின் லைன் ஜாக்கில் சொருக வேண்டும். உள்ளே பேட்டரியும் உண்டு. முதலில் வாங்கியது 2ஜி மட்டும் பிடிக்கும் மாடல். கையில் இருந்த சிம்மோ 4ஜி மட்டும் ஓடும் நிறுவனத்துடையது. சிக்னல் விளக்கு எரியவே இல்லை. மாற்றிக்கொள்ளக் கோவைக்கு இன்னொரு நடை. வாங்கும்போது வோல்ட்டி, அதாவது 4ஜியிலேயே பேசும் குரல் அழைப்பு உண்டா என்று கேட்டு, உங்கள் சிம்மைப் போட்டு, கடையிலேயே ஒரு கால் பேசிவிட்டு வாங்குங்கள். 2ஜியில் ஓடும் பெட்டியைப் போனுக்குப் பக்கத்தில் வைத்தால் ரிசீவரில் 'டிர்ர்ர்' என்று இரைச்சல் வரும். ஒரு மீட்டராவது தள்ளி, ஜன்னலோரம் வைக்க வேண்டும்.

அடாப்டருக்குள் நுழைவது எளிது. நான்கு முறை * அடித்து 110# கொடுத்தால் ஐபி எண்ணை வாசிக்கும், 7932# கொடுத்து 1# அழுத்தினால் பிரவுசரில் திறக்கும். அட்மின் பாஸ்வேர்டு காலியாகவே வரும், முதல் வேலையாக அதைப் போடுங்கள். ஓஎன்டியில் எஸ்ஐபி ஏஎல்ஜி (இணைய அழைப்பின் செய்திகளில் கைவைக்கும் வசதி) என்று ஒன்று இருந்தால் அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் சில சமயம் நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கும், அவர்கள் பேசுவது நமக்குக் கேட்காது.

எந்த எண் எந்த வழியில் போக வேண்டும் என்று அடாப்டரில் எழுதும் டயல் பிளானில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, 100, 101, 108, 112 நான்கும் எப்போதும் சிம் வழியாகவே போக வேண்டும். இணைய போனுக்கு நாம் எந்த ஊரில் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியாது. அந்த எண்களுக்கு ஜிடபிள்யூ0 (gw0) என்ற கேட்வேயை, அதாவது லைன் ஜாக்கைக் குறித்துவிட்டால் போதும். இரண்டு, லேண்ட்லைனிலிருந்து மொபைலுக்கு அடிக்க 2021 ஜனவரி 15 முதல் முன்னால் 0 வேண்டும். வீட்டில் பெரியவர்கள் பத்து எண்தான் அடிப்பார்கள், அவர்களை மாற்ற முடியாது. 6 முதல் 9 வரை தொடங்கும் பத்து இலக்கத்துக்கு முன்னால் அடாப்டரே 0 சேர்க்கும்படி எழுதினேன். சிம் வழியிலும் 0 சேர்த்த எண் தடையின்றிப் போகிறது. மூன்று, ஊருக்குள் அடிக்கும் ஆறு இலக்க எண். 2-இல் தொடங்கினால் 04252 தானாகச் சேர வேண்டும், எஸ்ஐபி சர்வர் முழு எண்ணைத்தான் கேட்கும்.

இனிதான் உண்மையான தலைவலி. 'ஆட்டோ பிஎஸ்டிஎன் ஃபால்பேக்' (இணையம் போனால் சாதாரண லைனுக்குத் தானாக மாறும் வசதி) என்பதை 'யெஸ்' ஆக்கிவிட்டு, அடாப்டரின் நெட் வயரைப் பிடுங்கிப் பார்த்தால் உடனே சிம்முக்கு மாறும். எல்லோரும் இதோடு சோதனையை முடித்துக்கொள்கிறார்கள். அது பொய்யான சோதனை. வயரைப் பிடுங்கினால் லிங்க் போனது அடாப்டருக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். மட்டை விழும்போது வீட்டுக்குள் ஒரு வயரும் அசைவதில்லை. ரூட்டர் விளக்கு எரியும், அடாப்டர் தான் இன்னும் எஸ்ஐபி சர்வரின் பதிவில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். பதிவு எவ்வளவு நேரம் செல்லும் என்று சொல்லும் 'ரெஜிஸ்டர் எக்ஸ்பயர்ஸ்' 3600 நொடி. அதாவது ஒரு மணி நேரம் வரை போன் ஊமை. அதை 60 ஆக்கிப் பார்த்தேன், சர்வர் 423 என்று திருப்பி அனுப்பியது. அவ்வளவு சீக்கிரம் வராதே, நான் சொல்லும் குறைந்தபட்ச நேரத்துக்குக் கேள் என்று அர்த்தம். 300-க்கு ஒத்துக்கொண்டது. அந்த ஐந்து நிமிட இடைவெளிக்கு #9 அடித்துவிட்டு எண்ணை அடித்தால் நேராகச் சிம் லைனில் போகும். போனின் அடியில் அதை எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஃபைபர் திரும்பி வரும்போது இன்னொரு தொல்லை. சர்வர் ஏதாவது பிழைச் செய்தி அனுப்பினால், 'ரெஜ் ரீட்ரை லாங் இன்டர்வல்' 1200 என்று இருப்பதால் 20 நிமிடம் கழித்துத்தான் மறுபடி முயலும். 60 ஆக்குங்கள். உண்மையான சோதனைக்கு ஓஎன்டியின் பச்சை முனை ஃபைபரைக் கழற்றுங்கள். முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், விரலால் தொடாதீர்கள், மடிக்காதீர்கள்.

இதுவரை சொன்னது வெளியே போகும் அழைப்புக்கு. உள்ளே வரும் அழைப்புக்கு அடாப்டரில் ஃபார்வர்டு போட்டுப் பயனில்லை, செத்த அடாப்டர் எதையும் திருப்பிவிடாது. இது சர்வர் பக்கம் போட வேண்டிய வேலை: கணக்கு பதிவில் இல்லாதபோது சிம் நம்பருக்குத் திருப்பு. உதவி மையத்தில் மூன்று பேர் "உங்க அடாப்டர்லயே போட்டுக்கலாமே" என்றே சொன்னார்கள். நான்காவது ஆள்தான் புரிந்துகொண்டு இரண்டு நிமிடத்தில் போட்டுக் கொடுத்தார். "அடாப்டர் ஆஃப்லைனில் இருக்கும்போது" என்ற சொல்லிலிருந்தே பேச்சைத் தொடங்குங்கள். சிம்மில் 'பிஸி என்றால் வீட்டு நம்பருக்கு' என்று பழைய ஃபார்வர்டு ஏதும் இருந்தால் முதலில் ரத்து செய்யுங்கள், இரண்டும் ஒன்றையொன்று சுற்றும்.

ஒரு எச்சரிக்கை. சிம் லைன் அடித்து 16 நொடியில் யாரும் எடுக்காவிட்டால் அடாப்டர் தானே எடுத்து, கூப்பிட்டவருக்கு டயல் டோன் கொடுக்கும். 'பிஎஸ்டிஎன்-டு-வாய்ப் கேட்வே'யை (லைனிலிருந்து இணைய அழைப்புக்குப் போகும் வழியை) 'நோ' ஆக்கி, 'ரிங் த்ரூ லைன் 1' மட்டும் 'யெஸ்' என்று விடுங்கள். எதிர்த் திசையில், இணையத்திலிருந்து வருபவர் உங்கள் சிம்மில் வெளியே அழைக்கும் வழியும் பூட்டில்லாமல்தான் வருகிறது. அந்த வழிக்கு ஒரு பின் நம்பர் (PIN) போட்டுப் பூட்டுங்கள், ரூட்டரில் 5061 போர்ட்டைத் திறக்காதீர்கள். வெளிநாட்டு இணைய அழைப்பை உரிமமில்லாமல் உள்ளூர் லைனில் இறக்கிவிடுவது இங்கே குற்றம். திருட்டுத்தனமாக வேறொருவர் செய்தாலும் சிம் உங்கள் பெயரில்தான் இருக்கும்.

கரண்டுக்கு மினி யுபிஎஸ். அடாப்டருக்கு 5 வோல்ட், ஓஎன்டிக்குப் பெரும்பாலும் 12 வோல்ட், ப்ளக் ஒரே மாதிரி இருக்கும். மாற்றிச் சொருகினால் அடாப்டர் போய்விடும், வயரில் சிவப்பு டேப் சுற்றி வையுங்கள். கார்ட்லெஸ் போனின் பேஸுக்கும் கரண்ட் வேண்டும் என்பதால் வயர் வைத்த பட்டன் போன் ஒன்று கட்டாயம். சிம் ரீசார்ஜ் முடிந்தால் மாற்று வழி சத்தமில்லாமல் செத்துவிடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் யுபிஎஸ்ஸையும் அணைத்துவிட்டு அந்தப் பட்டன் போனிலிருந்து ஒரு கால் போட்டுப் பார்த்துவிடுகிறேன். ரிலே, எஃப்சிடி பேட்டரி, ரீசார்ஜ் மூன்றும் அந்த ஒரு காலில் தெரிந்துவிடும்.