சுரைக்காய் ஜூஸ் கசந்தால் கீழே ஊற்றுங்கள்

காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் பச்சைச் சுரைக்காய் ஜூஸ் குடித்தால் தொப்பை கரையும், சுகர் இறங்கும், இதய அடைப்பு நீங்கும் என்று ஒரு குறிப்பு வாட்ஸ்அப்பில் விடாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. இஞ்சி எவ்வளவு, புதினா எத்தனை இலை, எலுமிச்சை எப்போது பிழிய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். காயை நறுக்கியதும் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள் என்ற வரியை மட்டும் காணோம். உயிருக்கே உலை வைக்கக்கூடியது அந்த விடுபட்ட வரிதான்.

சுரை, பீர்க்கு, வெள்ளரி, பூசணி எல்லாம் ஒரே குடும்பம். தின்ன வரும் பூச்சியையும் விலங்கையும் விரட்ட இந்தக் கொடிகள் குக்குர்பிட்டாசின் என்ற கசப்புப் பொருளை உண்டாக்குகின்றன. தானாகப் படர்ந்து கிடக்கும் பேய்ச்சுரையிலும் பேய்ப்பீர்க்கிலும் அது நிறையவே உண்டு. நாம் சமைக்கிற சுரை, கசக்காத காயாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து வந்த வகை. ஆனாலும் பழைய குணம் முழுசாகப் போய்விடவில்லை. கடும் வெயில், தண்ணீர்ப் பஞ்சம் என்று கொடி வாடும்போது கசப்பு ஏறலாம். மேலே பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. நகம் வைத்தால் இறங்குகிற பிஞ்சும் கசக்கலாம். நேற்று வாங்கிய காய் நன்றாக இருந்தது என்பது இன்றைய காய்க்குச் சாட்சி ஆகாது.

இத்தனை காலம் சுரைக்காய்க் கூட்டு சாப்பிட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். கூட்டு கசந்தால் ஒரு வாய்க்கு மேல் யாரும் தொட மாட்டார்கள், சட்டியோடு கொட்டிவிடுவார்கள். அதுவும் ஒரு காய் நாலு பேருக்குப் பங்காகிறது. ஜூஸில் அரைக் கிலோ காய் ஒரே ஆளின் வயிற்றுக்குள் ஒரே மூச்சில் போகிறது. அதைவிட மோசம், "மருந்துன்னா கசக்கத்தான் செய்யும்" என்ற நினைப்பு. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்து முடிக்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். இஞ்சியும் எலுமிச்சையும் கசப்பை மறைத்துவிடும். பாகற்காயைச் சேர்த்து அரைக்கச் சொல்லும் குறிப்பு இன்னும் ஆபத்தானது. பாகற்காயின் கசப்பு இயல்பானது, அது வேறு பொருளால் வருவது. ஆனால் அதைக் கலந்துவிட்டால் சுரைக்காய் கசக்கிறதா இல்லையா என்று எந்த நாக்காலும் பிரித்துச் சொல்ல முடியாது.

2010-ல் டெல்லியில் ஒரு விஞ்ஞானி சுரைக்காய்ச் சாற்றோடு பாகற்காய்ச் சாற்றையும் கலந்து குடித்து இறந்துபோனார். கூடக் குடித்த மனைவி சிகிச்சைக்குப் பின் பிழைத்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து இதை ஆராய்ந்தது. குழு சொன்னது எளிமையானது: சாறு எடுக்கும் முன் காயில் ஒரு சிறு துண்டை ருசி பாருங்கள், கசந்தால் காயையே தூக்கிப் போடுங்கள், வேறு சாற்றோடு கலக்காதீர்கள், குடித்தபின் உடம்பு சரியில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ருசி பார்ப்பதென்றால் காம்புப் பக்கம், நடு, நுனி மூன்றிலும் சுண்டுவிரல் நகமளவு துண்டு எடுத்து, நாக்கு நுனியில் வைத்துவிட்டுத் துப்ப வேண்டும். விழுங்க வேண்டாம். வெள்ளரிக்காய்க் காம்பை வெட்டி, வெட்டிய இடத்திலேயே வைத்து நுரை வரத் தேய்த்தால் கசப்பு போய்விடும் என்று பல வீடுகளில் செய்வார்கள். அதை நம்பிச் சுரைக்காயிலும் இறங்க வேண்டாம், காய்க்குள் இருக்கும் கசப்பு நுரையோடு வெளியேறிவிடாது. உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதும் காப்பாற்றாது. வேகவைப்பதும் அப்படித்தான். 2015-ல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் நகரில் ஒரு முதியவர், பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினிக் காயை (பூசணி இனத்தில் ஒரு காய்) சமைத்துச் சாப்பிட்டு இறந்தார். கசக்கிறது என்று கொஞ்சமாகச் சாப்பிட்ட மனைவி தப்பித்தார்.

மாடித்தோட்டக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. பக்கத்தில் பேய்ச்சுரை இருந்து மகரந்தம் கலந்தாலும் அதனால் இந்த வருடக் காய் கசக்காது, சதை தாய்க்கொடியுடையது. அந்தக் காயின் விதையை எடுத்துப் போட்டால் அடுத்த வருடக் கொடியில்தான் வினை தெரியும். சொந்த விதையிலோ கைமாறி வந்த விதையிலோ வளர்ந்த கொடி என்றால் எந்தக் காயையும் ருசி பார்க்காமல் அடுப்படிக்குள் விடாதீர்கள்.

கசக்காத வேறு காய்களிலும் இந்த ஜூஸ் வைத்தியம் வேறு வழியில் உடம்பைக் கெடுக்கிறது. கேரளத்தில் இரும்பன்புளி என்று மீன்குழம்பில் போடும் பிலிம்பிக்காயைக் கொழுப்பு குறைய என்று சாறு பிழிந்து குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. காரணம் அதிலுள்ள ஆக்சாலிக் அமிலம். குழம்பில் போடும் நாலைந்து காய் வேறு, டம்ளர் நிறையச் சாறு வேறு.

கசப்பு ஜூஸ் உள்ளே போய்விட்டால் சில நிமிடங்களிலிருந்தே வாந்தி, வயிற்றைப் பிடுங்கும் வலி, பேதி தொடங்கலாம். சிலருக்கு இரைப்பையின் உள்பக்கம் புண்ணாகி ரத்த வாந்தி வரும், ரத்த அழுத்தம் சரியும். இந்த நஞ்சை முறிக்கும் மருந்து கிடையாது. நரம்பில் திரவம் ஏற்றி, வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்து, பிரஷரைத் தாங்கிப் பிடிப்பதுதான் சிகிச்சை. அதனால் மோர், உப்புத் தண்ணீர் என்று வீட்டில் நேரம் கடத்தாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் "ஏதோ ஒத்துக்கல" என்று சொன்னால் கெட்டுப்போன சாப்பாடு என்றுதான் முதலில் நினைப்பார்கள். சுரைக்காய் ஜூஸ், கசந்தது, இத்தனை மணிக்கு, இவ்வளவு குடித்தார் என்று சொல்லுங்கள். சுகர், பிரஷர் மாத்திரை அன்று காலை போட்டாரா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுகர் மாத்திரை உள்ளே இருக்க, சாப்பாடு எல்லாம் வாந்தியில் போய்விட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கலாம்.