பெயர் மறந்தது, தாளம் மறக்கவில்லை

மறதிநோயைக் குழந்தைகளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று கேட்கிறவர்களுக்கு: ஆடிக் காட்டுங்கள். எங்கள் வகுப்பில் எல்லோரும் வட்டமாக ஆடுவோம். ஒருத்தி மட்டும் அடுத்த அடி தெரியாமல் நிற்பாள். "ஏன் மறந்தே?" என்று யாரும் கேட்கக் கூடாது, கையைப் பிடித்துக் கூடவே ஆட வேண்டும். அவ்வளவுதான் பாடம்.

மறதிநோய்களில் ஒன்றான அல்சைமர் நோயில், மூளையில் புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி பெரும்பாலும் சீக்கிரமே பாதிக்கப்படுகிறது. பழகிய பாட்டு பலருக்கு நெடுநாள் தங்குகிறது. பாட்டு நோயைக் குணப்படுத்தாது. அதையும் குழந்தைகளிடம் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஒரு பாட்டி வந்திருந்தார். பேத்தியின் பெயர் வரவில்லை. பாட்டு தொடங்கியதும் அவர் விரல்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டன; ஒரு தட்டுகூடத் தப்பவில்லை. பேத்தி ஓடிவந்து, அந்த விரல்களுக்குப் பக்கத்திலேயே தானும் தட்ட ஆரம்பித்தாள்.