உதைக்கும் முன்: வருடக்கணக்கில் நின்ற புல்லட்டை எழுப்புவது

பன்னிரண்டு வருடம் நின்ற புல்லட்டை வாங்கி வருபவர்கள் முதல் நாளே செய்யும் தப்பு ஒன்றுதான். அரை லிட்டர் பெட்ரோலை ஊற்றி, பிளக்கைத் துடைத்துப் போட்டு, ஒரு உதை உதைத்துப் பார்ப்பது. ஸ்டார்ட் ஆகாவிட்டால் தப்பித்தார்கள். ஆகிவிட்டால்தான் செலவு.

செங்கோட்டை, தென்காசி ஆட்கள் பழைய வண்டி தேடி புளியரை வளைவுகளைத் தாண்டிக் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை, புனலூர் என்று போவது ஒன்றும் புதிதல்ல. வளைகுடாவுக்குப் போனவர், வயதாகி ஓட்டமுடியாமல் நிறுத்தியவர் என்று ரப்பர் தோட்டத்து வீட்டு ஷெட்டுகளில் நல்ல வண்டிகள் கிடக்கும். ஆனால் மலைக்கு அந்தப் பக்கத்துக் காற்று வேறு. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று வருடத்தில் பாதி ஈரம். வெளியே தெரிகிற துருவைத் தேய்த்துவிடலாம். உள்ளே நடந்திருப்பதுதான் விஷயம். எந்த இன்ஜினும் நிற்கும்போது ஏதாவது ஒரு வால்வு கொஞ்சமாவது திறந்த நிலையில் நின்றிருக்க வாய்ப்பு உண்டு. சைலன்சர் வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ ஈரக்காற்று நேராக சிலிண்டருக்குள் போய்வரும். சிலிண்டர் வார்ப்பிரும்பு. ரிங் எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்தில் வளையம் போட்டதுபோல் துரு கட்டும்.

இங்கே சொல்வதெல்லாம் பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் 350 பற்றி: 346 சி.சி., 70 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம்), நான்கு கியர், பாயிண்ட் இக்னிஷன் (திறந்து மூடும் சிறு தொடர்பு முனையால் பிளக்கில் பொறி வரவைப்பது). 2010 வாக்கில் வந்த, இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸில் உள்ள யூ.சி.இ. இன்ஜினுக்கு இதில் பாதி பொருந்தாது.

வண்டியைப் பார்க்கும் முன் பேப்பர். ‘அச்சன்டெ பேரிலாணு, குழப்பமில்லா’ (அப்பா பேரில்தான் இருக்கிறது, பிரச்சினை இல்லை) என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். குழப்பம் உண்டு. ஆர்.சி.யில் (பதிவுச் சான்று) இருப்பவர் இறந்திருந்தால் முதலில் வாரிசு பேருக்குப் படிவம் 31 மூலம் மாறவேண்டும், அதன்பிறகுதான் படிவம் 29, 30 போட்டு உங்கள் பேருக்கு. தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர, கேரளத்து ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கவேண்டும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் மறுபதிவு கட்டாயம். தென்காசி என்றால் டி.என். 76, இங்கே வரியும் தனி. 1989க்கு முந்தைய மூன்றெழுத்துப் பதிவு எண் வண்டி என்றால், அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாஹனில் எண்ணைப் போட்டுப் பாருங்கள். ஏறவில்லையென்றால் பழைய பதிவேட்டிலிருந்து அதை ஏற்றவைப்பதே தனி வேலை. அதை விற்பவர் செய்து முடிக்கட்டும், பிறகு பணம்.

இன்னொன்று, எல்லாரும் மறப்பது. 15 வருடம் முடிந்ததும் ஆர்.சி. காலாவதி, பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ள விதிப்படி பைக்குக்குத் தாமதக் கட்டணம் மாதம் 300 ரூபாய். வருடத்துக்கு 3,600. எத்தனை வருடம் விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து, அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள். 50 வருடம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம் என்ற 2021 விதியைச் சிலர் ஆசை காட்டுவார்கள். அது கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான். வழக்கமாக ஓட்ட அனுமதி இல்லை. டூரிங் போக நினைப்பவருக்கு உதவாது.

இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்க்கவேண்டும். எழுத்தின் ஆழம் ஒன்றுக்கொன்று மாறியிருந்தாலோ, அந்த இடம் மட்டும் அரம் போட்டதுபோல் வழுவழுப்பாக இருந்தாலோ, டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

விற்பவர் உதைத்துக் காட்ட வந்தால் தடுக்கவேண்டும். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். இன்ஜின் சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் வாங்கக்கூடாது என்றில்லை. போர் போடுவது (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து சரிசெய்வது), பிஸ்டன், ரிங், வால்வு வேலை எல்லாம் உண்டு என்று வைத்து விலை பேசவேண்டும், அவ்வளவுதான். கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட் பக்கம் கேஸில் வெல்டிங் தடம் இருக்கிறதா என்றும் குனிந்து பாருங்கள். செயின் அறுந்து சுருண்டால் உடைகிற இடம் அது. பெயின்ட், சீட், குரோம் எதையும் விலையில் பெரிதாக எண்ணவேண்டாம். அவை எப்படியும் போகும்.

வீட்டுக்கு வந்தபின் முதல் வேலை ஆயில். இந்த இன்ஜின் ட்ரை சம்ப், அதாவது ஆயில் கிராங்க் அறையில் தேங்காமல் தனித் தொட்டியில் இருக்கும். ஆயில் தொட்டி இன்ஜின் கேஸிங்கிலேயே பின்பக்கம் இருக்கிறது, அங்கிருந்து ஒரு பம்ப் கிராங்குக்குத் தள்ளும், இன்னொரு பம்ப் கிராங்க் அறையில் வடிந்ததைத் திரும்ப இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தொட்டி ஆயில் பம்பைத் தாண்டிக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். டிப்ஸ்டிக்கில் ஆயிலே காட்டாது. ‘எண்ணெய் இல்லையே’ என்று மேலே இரண்டு லிட்டர் ஊற்றி உதைப்பவர்கள் உண்டு. அப்புறம் பிரீதர் (இன்ஜின் மூச்சுக்குழாய்) வழியாக ஆயில் பீய்ச்சும், தெருவே தெரியாத அளவுக்குப் புகை, கிக்கர் சேற்றில் மிதிப்பதுபோல் இருக்கும்.

எனவே அடியில் இருக்கிற இரண்டு டிரெயின் போல்ட்டையும் கழற்றுங்கள், தொட்டிக்கு ஒன்று, கிராங்க் அறைக்கு ஒன்று. ஒரு ராத்திரி முழுக்க வடியட்டும். வருவது கருப்பாக இருந்தால் பயமில்லை. பால் காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கிராங்க் பேரிங்குகள் துருப்பிடித்திருக்கலாம். அந்த வண்டியை இன்ஜின் பிரிக்காமல் ஓட்டக்கூடாது. ஃபில்டரை மாற்றி, அதன் அறைக்குள்ளும் கொஞ்சம் ஆயில் ஊற்றி மூடவேண்டும். காலி அறையாக மூடினால் ஆயில் மேலே வர அவ்வளவு நேரமாகும். 20டபிள்யூ50 ஆயில் சுமார் இரண்டேகால் லிட்டர் பிடிக்கும், டிப்ஸ்டிக் பார்த்து ஊற்றுங்கள்.

பிஸ்டன் பிடித்திருந்தால் பிளக் துளை வழியாக ஏ.டி.எஃப். ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) டீசலும் சரிபாதி கலந்து 50 மில்லி விட்டு மூன்று நாள் விடுங்கள். நடுவில் தினம் ஒருமுறை டாப் கியரில் பின் சக்கரத்தை ஆட்டிப் பார்க்கலாம். அசைய ஆரம்பிக்கும் இடத்தில் அவசரப்பட்டு ஒரே இழுப்பாக இழுத்தால் ரிங் உடையும், துருத்தூள் சிலிண்டரைக் கீறும். கிக்கர் மேல் ஏறிக் குதிப்பது கூடவே கூடாது, அது கியர்பாக்ஸுக்குள் இன்னொரு செலவு. ஒரு வாரத்திலும் விடவில்லையென்றால் ஹெட்டைக் கழற்றிவிடுங்கள். விட்டாலும், துரு வளையம் நகத்தில் தட்டினால் போர் போடத்தான் வேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையோடு லேத்துப் பட்டறையில் கொடுத்து, அந்தப் பிஸ்டனுக்கு அளந்து போர் போடச் சொல்லவேண்டும். போர் போட்டபின் கடைக்குப் போய்ப் பிஸ்டன் தேடுவது தலைகீழ் வேலை.

இன்ஜின் கையால் சுற்ற ஆரம்பித்தபின், பிளக் இல்லாமல், சாவி போடாமல், மெதுவாகக் கிக் செய்துகொண்டே இருங்கள். ஹெட்டில் வால்வைத் திறக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் பைப்பின் மேல் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆயில் கசிந்து வரும்வரை பிளக்கைப் போடக்கூடாது. ஐம்பது உதையானாலும் சரி. வராவிட்டால் பம்பிலோ வழியிலோ கசடு அடைத்திருக்கிறது, பம்ப் மூடியைத் திறக்கத்தான் வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

கிளட்ச் பிளேட்டுகளும் ஒட்டியிருக்கும். லீவரை ஹேண்டிலோடு ரப்பரால் கட்டி ஒரு ராத்திரி விட்டு, காலையில் கிளட்ச் பிடித்தபடி உதைத்துப் பாருங்கள். பிளேட் விட்டிருந்தால் கிக்கர் மட்டும் இறங்கும், இன்ஜின் சுற்றாது. சேர்ந்து சுற்றினால் இன்னும் ஒட்டுதான்.

டேங்க் 14.5 லிட்டர். பழைய பெட்ரோல் வார்னிஷ் வாசம் அடிக்கும், அதை இன்ஜினுக்குள் விடாதீர்கள். உள்ளே சிறிய நட்டுகள் கொஞ்சம் போட்டு மண்ணெண்ணெயோடு குலுக்கினால் செதில் துரு விழும். எத்தனை நட்டு போட்டீர்கள் என்று எண்ணி வையுங்கள், அத்தனையும் வெளியே வரவேண்டும். பிறகு சுடுதண்ணீரில் லிட்டருக்கு 75 கிராம் கணக்கில் சிட்ரிக் அமிலம் கரைத்து நிரப்பி ஒரு நாள். கொட்டியபின் சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே வெயிலிலோ ஹேர் டிரையராலோ காயவைத்து, டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்த பெட்ரோலால் உள்ளே பூசிவிடவேண்டும். அரை மணி நேரம் சும்மா விட்டாலே மஞ்சள் துரு திரும்ப வந்துவிடும். சாரல் காலத்தில் இந்த வேலையும் பெயின்ட் வேலையும் வேண்டாம், பங்குனி சித்திரையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் டியூப், காக் வாஷர் எல்லாம் புதிது, எத்தனால் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். 20 சதவீதம் எத்தனால் கலந்த இப்போதைய இ20 பெட்ரோலில் பழைய ரப்பர் ஊதி இளகிவிடும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும் என்பதால், இந்த வண்டியை டேங்கில் பெட்ரோலோடு மாதக்கணக்கில் இனி நிறுத்தவும் கூடாது. கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளைக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். ஊசி, கம்பி விட்டுக் குடைந்தால் துளை பெரிதாகும்.

சைலன்சருக்குள் ஒரு குச்சியை விட்டுப் பாருங்கள். குளவி கூடு கட்டியிருக்கும். ஏர் ஃபில்டர் பெட்டியில் எலி.

இக்னிஷனில் கண்டென்சரைக் கேள்வி கேட்காமல் மாற்றிவிடுங்கள். பாயிண்ட் முகத்தை மெல்லிய அரத்தால் லேசாகத் தேய்த்து, இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதைவிட முக்கியம், பாயிண்டுக்குப் பின்னால் இருக்கும் ஆட்டோ அட்வான்ஸ், வேகம் கூடும்போது பொறி வரும் நேரத்தை முன்னே தள்ளும் அமைப்பு. ஈரத்தில் நின்ற வண்டியில் அதன் எடைகள் விரிந்த நிலையில் பிடித்துக்கொள்ளும். ஒரு சொட்டு ஆயில் விட்டு, கேமை விரலால் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதை டக்கென்று பழைய இடத்துக்கு இழுக்கவேண்டும். இழுக்காத வண்டியை உதைத்தால் காலைத் திருப்பி அடிக்கும். புல்லட் கணுக்காலை உடைத்த கதைகளில் பல, இந்த ஒரு சொட்டு ஆயில் விடாத கதைகள்தான்.

டாப்பெட்டை (வால்வு இடைவெளி) இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, பிஸ்டன் கம்ப்ரஷன் மேல்முனையில் இருக்க வைத்துப் பாருங்கள். ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு விரலால் தாராளமாகச் சுழலவேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக்கூடாது.

இப்போது உதைக்கலாம். சாவி போட்டு, கிக்கரை மெதுவாக அழுத்தி கம்ப்ரஷன் தடுக்கும் இடத்துக்கு வாருங்கள். சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் டிகம்ப்ரஷன் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை மட்டும் கிக்கரை இறக்குங்கள். முள் நடுவில் வந்தால் பாயிண்ட் திறந்து பிஸ்டன் மேல்முனையைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழு நீளத்துக்கு ஒரே உதை. பாட்டரி செத்திருந்தால் முள் பொய் சொல்லும் என்பதால் புதுப் பாட்டரியோடு செய்யுங்கள்.

பிடித்தவுடன் முறுக்காதீர்கள், நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடவிடவும் வேண்டாம். காற்றில் குளிர்கிற இன்ஜின் அது. இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, கீழே ஒழுகுகிறதா, ராக்கருக்கு ஆயில் வருகிறதா என்று மறுபடி பாருங்கள். நீலப்புகை முதல் சில நிமிடங்களில் நின்றால் சரி, நிற்காவிட்டால் ரிங் அல்லது வால்வு கைடு. முதல் ஆயிலை 100 கிலோமீட்டரில் கொட்டிவிடவேண்டும், பழைய கசடெல்லாம் அதில்தான் கரைந்து வரும். போர் போட்ட வண்டி என்றால் 500 கிலோமீட்டர் வரை வேகம் 50 தாண்டாமல்.

டயரில் பட்டன் நன்றாகத்தான் இருக்கும், நின்ற வண்டிதானே. ஆனால் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருடம். பத்து வருடம் தாண்டியிருந்தால் டியூபோடு மாற்றுங்கள். காற்று முன்னால் 20 பி.எஸ்.ஐ., பின்னால் 28. பிரேக் ஷூவில் லைனிங் பிய்ந்து நிற்கிறதா என்று டிரம்மைத் திறந்து பார்க்காமல் மலைப்பக்கம் போகவேண்டாம்.

வெள்ளோட்டத்துக்குப் புளியரை ஏற்றத்தைவிட நல்ல இடம் இல்லை, கிளட்ச் வழுக்கினால் முதல் வளைவிலேயே தெரிந்துவிடும். பைக்குள் ஒரு பாயிண்ட் செட், கண்டென்சர், பிளக், செயின் லாக், கிளட்ச் கேபிள். முடிந்தால் மாற்றுக் கிளட்ச் கேபிளைப் பழையதன் பக்கத்திலேயே ஓட்டிக் கட்டிவிடுங்கள், அறுந்தால் முனைகளை மாற்றினால் போதும்.

அதற்கு முன் ஊருக்குள் சமதளத்தில் இரண்டு நாள். பழைய புல்லட்டில் கியர் வலது காலில், ஒன்று மேலே மூன்று கீழே, பிரேக் இடது காலில். இன்றைய பைக் ஓட்டிப் பழகிய கால் அவசரத்தில் வலது பெடலைத்தான் மிதிக்கும். அங்கே இருப்பது பிரேக் இல்லை. இந்தப் பழக்கம் காலைவிட்டுப் போகும்வரை ஆரியங்காவிலிருந்து இறங்கி வரும்போது செகண்ட் கியரிலேயே வாருங்கள்.