வெளிமாநிலப் பிள்ளைக்கு எத்தனை இடம்? எங்கள் மகளின் கல்லூரி விண்ணப்ப அனுபவம்

எங்கள் மகளுக்கு பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவம், சுகாதாரம் சார்ந்த புள்ளியியல், படிக்க ஆசை. அமெரிக்காவில் நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். பொதுச் சுகாதாரத்துக்குப் பேர்போன அரசுப் பல்கலைக்கழகங்களைத் தேடியதில் சாப்பல் ஹில்லின் நார்த் கரோலைனா பல்கலைக்கழகமும் ஆன் ஆர்பரின் மிச்சிகன் பல்கலைக்கழகமும் அவள் மனதில் நின்றுவிட்டன. 2024 இலையுதிர் காலத்தில் இரண்டுக்கும் விண்ணப்பித்தாள், கூடவே எங்கள் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸுக்கும்.

தெரிந்தவர்கள் எல்லோரும் ஜிபிஏ (பள்ளி மதிப்பெண் சராசரி) எவ்வளவு, எஸ்ஏடி தேர்வில் எவ்வளவு என்றே கேட்டார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, வெளிமாநிலத்தாருக்கு அங்கே எத்தனை இடம் என்பது. சாப்பல் ஹில்லில் முதலாண்டு மாணவர்களில் வெளிமாநிலத்தவர் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1986இல் வந்த வரம்பு இது. பல்கலைக்கழகத்தின் பயன் முடிந்தவரை செலவில்லாமல் தன் மக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று அந்த மாநிலத்தின் அரசமைப்புச் சட்டமே சொல்கிறது. அவர்கள் வரிப்பணத்தில் வளர்ந்த இடம், அவர்கள் பிள்ளைகளுக்கு முதலில் கொடுப்பது நியாயம்தான். ஆனால் மொத்தச் சேர்க்கை விகிதத்தைப் பார்த்து நம் வாய்ப்பைக் கணக்கிட முடியாது. உள்மாநிலப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் வாக்கில் இடம் பெறும்போது, வெளியிலிருந்து கேட்பவர்களில் பத்துப் பேருக்குக்கூடக் கிடைப்பதில்லை.

மிச்சிகனில் அப்படி ஒரு சட்ட வரம்பு கிடையாது. இளநிலை மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளியிலிருந்து வந்தவர்கள். அதனாலேயே நாடு முழுவதிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவிகின்றன. ஒரு லட்சம் வாக்கில் வரும் விண்ணப்பங்களில் நல்ல மதிப்பெண் இல்லாதவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

இந்த விவரங்களுக்கு எங்களுக்குக் கைகொடுத்தது ‘காமன் டேட்டா செட்’. பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கை. அதில் சி7 என்ற அட்டவணையில் மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு முக்கியத்துவம் என்று குறித்திருப்பார்கள். ‘எந்த மாநிலத்தவர்’ என்பதற்கும் அங்கே தனி வரி உண்டு. விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் ஒவ்வொரு பெற்றோரும் அந்தப் பக்கத்தைப் படித்துவிட வேண்டும்.

கட்டுரைகளில்தான் அதிக நேரம் போனது. தான் சேர்ந்த சமூகம் ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லி மிச்சிகன் கேட்டிருந்தது. எங்கள் ஊர் தன்னார்வ ஆம்புலன்ஸ் குழுவில் அவள் பயிற்சி உறுப்பினர். முதல் வரைவில் சேவை, இரக்கம், தலைமைப் பண்பு எல்லாம் இருந்தது, அவள் மட்டும் இல்லை. பிறகு, வண்டி திரும்பி வந்ததும் கையுறைப் பெட்டிகளையும் ஆக்சிஜன் சிலிண்டரின் அழுத்தத்தையும் சரிபார்த்து டிக் அடிக்கும் வேலையைப் பற்றி எழுதினாள். எந்தத் தெருவிலிருந்து முதியவர்கள் கீழே விழுந்ததாக அடிக்கடி அழைப்பு வருகிறது என்று அவளாகவே ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தாள். “அம்மா, இதைப் போய் யார் படிப்பாங்க?” என்றாள். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் எதற்கு என்பதற்கு அந்த நோட்டைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. அதையும் எழுதச் சொன்னேன்.

ஜனவரிக் கடைசியில் சாப்பல் ஹில் இல்லை என்றது. அன்று நன்றாக அழுதாள். மிச்சிகன் முடிவைத் தள்ளிவைத்திருந்தது. டெஃபர் என்றால் கதவு மூடவில்லை. அரையாண்டு மதிப்பெண்ணைப் பள்ளி கவுன்சலர் அனுப்பிவிட்டாரா என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். புதிதாக நடந்ததை மட்டும் சுருக்கமாக எழுதி, ஆர்வம் மாறவில்லை என்று தெரிவித்தாள். மார்ச் கடைசியில் இடம் கிடைத்தது.

அடுத்து பணம். மிச்சிகனில் வெளிமாநிலத்தாருக்குக் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலரைத் தாண்டுகிறது. ரட்கர்ஸில் எங்களுக்கு 18,000 வாக்கில்தான் ஆகும். மிச்சிகனில் படித்து முடித்த பாடங்களுக்கான கிரெடிட் 55ஐ எட்டியதும் கட்டணம் இன்னும் ஏறும். படிப்பதற்காக அங்கே போய்க் குடியிருந்தால் உள்மாநிலக் கட்டணம் கிடைத்துவிடும் என்று சிலர் சொன்னார்கள். அந்த விதிகளைப் படித்தால் அது நடக்காது என்று தெரியும். எவ்வளவு வரை முடியும் என்று விண்ணப்பிக்கும் முன்பே அவளிடம் சொல்லியிருந்தோம். பிறந்ததிலிருந்து 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டது பாதிக்கு மேல் தாங்கும், மீதியைச் சம்பளத்திலிருந்து கட்டலாம் என்று தெரிந்த பிறகே, மே 1க்கு முன் மிச்சிகனுக்கு டெபாசிட் கட்டினோம். கணக்கு ஒத்து வராமல் போயிருந்தால் ரட்கர்ஸில் சேர்ந்திருப்பாள். அங்கேயும் அவள் விரும்பிப் பார்த்து வைத்த பொதுச் சுகாதாரப் படிப்பு இருந்தது.